தொப்பூர் கணவாய் முதல் ஓசூர் மெட்ரோ வரை: ஒரு எம்.பி.யால், எம்.எல்.ஏ.வால் என்ன செய்ய முடியும்?

எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது. திருப்பத்தூரிலிருந்து வரும் குட்டி ரயில். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 1905-ல் போட்ட பாதை அது. அடுத்த ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அதே அகலத்தில் இன்னொரு பாதை வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவதற்கென்று வெள்ளைக்கார அரசு போட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள்.

ஓசூருக்கும் தருமபுரிக்கும் பிற்பாடு சேலம்–பெங்களூரு பாதை வழியாக ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவே இல்லை. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் வந்துவிட்டன. ரயில் ஏற மட்டும் இன்றைக்கும் பஸ் பிடித்து ஜோலார்பேட்டைக்குப் போகிறோம். ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலிலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், "கிருஷ்ணகிரிக்கு ரயில் கொண்டு வருவேன்" என்ற வாக்குறுதி உண்டு. ஜெயித்தவர்களில் சிலர் அதற்காக உண்மையாகவே உழைத்தும் இருக்கிறார்கள். இருந்தும் ரயில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் ஊரில் இரண்டு பதில்தான் கிடைக்கும். "எம்.பி. சரியில்லை" என்பார்கள், இல்லையென்றால் "மத்திய அரசு வஞ்சிக்கிறது" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு சாலையோ ரயில் பாதையோ எந்தெந்த மேசை வழியாக நகர்கிறது, அதில் மக்கள் பிரதிநிதியின் கை எதுவரை எட்டும் என்பது தெரியாமல், யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்றே நமக்குப் புரியாது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஊர் வளர்ந்த வேகம்

ஓசூரில் சிப்காட் எனும் அரசுத் தொழிற்பேட்டை வந்தது 1970-களில். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. அப்போது அது மலைக்காற்று வீசும் சின்ன ஊர். 2001 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 84 ஆயிரத்துச் சொச்சம். 2011-ல் 1.16 லட்சம். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரி போன்ற சுற்று ஊர்களை இணைத்த பிறகு, அதே கணக்கெடுப்பின்படியே சுமார் 2.45 லட்சம். 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதற்குள் ஏத்தர் வந்தது, டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது, போச்சம்பள்ளியில் ஓலா ஆலை வந்தது. வெளிமாவட்டத்துப் பெண்களும் வடமாநிலத்து இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் வந்து தங்கினார்கள். சாலைக்கும் பஸ்ஸுக்கும் திட்டம் போடுகிறவர் கையில் இருப்பதோ 2011-ன் எண்.

இது தொழிற்சாலைகளின் கதை மட்டும் இல்லை. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் பறிக்கிற தக்காளி அன்றைக்கே லாரி ஏற வேண்டிய பொருள். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் அப்படித்தான். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகள் முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மணி நேரத் தாமதம் விவசாயிக்கு என்ன விலை என்று.

ஒரு சாலை, ஐந்து சொந்தக்காரர்கள்

தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் பைக்கில் சிப்காட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுத் தெரு ஊராட்சியுடையது. அடுத்த ஊர் வரை போகும் தார்ச்சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது. அதைத் தாண்டி ஓசூர் போகும் பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். மத்திகிரியைத் தாண்டி உள்ளே திரும்பினால் மாநகராட்சித் தெரு. கடைசியில் அவர் ஏறுகிற தேசிய நெடுஞ்சாலை 44-ம் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் வேலை என்றால் அப்புறம் கர்நாடகம்.

மழை பெய்து சர்வீஸ் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், தண்ணீர் வடிய வேண்டிய கால்வாய் ஒருவருடையது, தண்ணீர் நிற்கும் ரோடு இன்னொருவருடையது. நான் ஒருமுறை மனு எழுதிக்கொண்டு போனபோது ஒரு அலுவலகத்தில் "இது எங்களுடையது இல்லை" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு எம்.எல்.ஏ.வின் முதல் வேலை தொடங்குகிறது. இந்த ஐந்து சொந்தக்காரர்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கவைத்து, "தண்ணீர் எங்கே போக வேண்டும்?" என்று கேட்கும் அதிகாரம் சாதாரண ஆளுக்கு இல்லை. அவருக்கு இருக்கிறது. அதற்குச் சட்டமோ நிதியோ தேவையில்லை, நேரம்தான் தேவை.

பணம் எவ்வளவு?

பலரும் நினைப்பதுபோல் தொகுதி நிதியில் நெடுஞ்சாலை போட முடியாது. எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். எம்.எல்.ஏ.வுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 கோடி. கிருஷ்ணகிரி எம்.பி.யின் 5 கோடி ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரியும். தருமபுரி எம்.பி.க்கு பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஐந்தும், சேலம் மாவட்டத்து மேட்டூரும். நிழற்குடை, சிறு பாலம், உள்தெருக் காங்கிரீட் ரோடு, பள்ளிக்கூட வகுப்பறை இதற்கெல்லாம் அது சரி. ஆனால் தருமபுரி–சேலம் வழியில் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் திட்டமிட்ட உயர்மட்டச் சாலையின் மதிப்பீடு சுமார் 775 கோடி. ஒரு எம்.பி. தன் நிதியை ஒரு பைசா வேறெங்கும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 155 ஆண்டுகள் ஆகும்.

ஆக, பெரிய வேலை எதையும் எம்.பி. தன் பணத்தில் செய்வதில்லை. அடுத்தவர் கையில் இருக்கும் பணத்தை இங்கே திருப்பவேண்டும். கையில் இருப்பது நாக்கும் காகிதமும்தான்.

மக்களவையில் கேள்வி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் எடுக்கப்படும். அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் நாளுக்கு 230 வரை. அப்புறம் பூஜ்ய நேரம், விதி 377-ன் கீழ் எழுப்பும் விஷயங்கள். சட்டமன்றத்தில் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம். இவற்றில் டிவியில் வருவது உரத்த பேச்சுகள்தான். ஆனால் ஒரு திட்டத்துக்கு நிஜமாக உதவுவது பெரும்பாலும் அந்த 230-ல் ஒன்றாக வரும் எழுத்துப் பதில்தான் என்பது என் எண்ணம். "ஆய்வு முடிந்துவிட்டதா? அறிக்கை யாரிடம் இருக்கிறது? எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவானது?" என்று நான்கு வரியில் கேட்டால், அமைச்சகம் கையெழுத்துப் போட்டுப் பதில் தந்தாக வேண்டும். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பது அப்போது ஊருக்கே தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு கருவி இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. அவையில் அமைச்சர் "பரிசீலிக்கிறோம்", "விரைவில் செய்வோம்" என்று சொல்லும் சொற்கள் உறுதிமொழியாகப் பதிவாகலாம். அதைத் தொடர்ந்து கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று நாடாளுமன்றத்தில் உண்டு, சட்டமன்றத்திலும் உண்டு. நாடாளுமன்றத்தில் தரும் உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. தன் கேள்விக்கு வந்த மழுப்பல் பதிலை அந்தக் குழுவரை கொண்டுபோகும் உறுப்பினரை அமைச்சகங்கள் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மாவட்ட அளவில் பார்த்தால், மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் 'திஷா' குழுவுக்கு எம்.பி.தான் தலைவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாநில அளவில், 2022 ஆகஸ்டில் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளை எழுதித் தருமாறு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கேட்டார். நம் எம்.எல்.ஏ.க்கள் அந்தப் பத்தில் என்ன எழுதினார்கள், எத்தனை முடிந்தது என்பது தொகுதியில் உள்ள ஒவ்வொருவரும் கேட்கக்கூடிய கேள்வி.

தொப்பூர்

பெங்களூருவிலிருந்து தெற்கே வரும் சாலை, படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே வருகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதி உயரம்தான். அங்கிருந்து சேலத்துக்கு இறங்கும் படி தொப்பூர் கணவாய். இறக்கமும் வளைவும் ஒரே இடத்தில் சேர்ந்து வருகின்றன. அதே இடத்தில்தான் இரட்டைப் பாலமும் இருக்கிறது.

முப்பது நாற்பது டன் ஏற்றிய லாரி இறக்கத்தில் வரும்போது, டிரைவர் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பிலேயே இறக்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. அப்போது முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடுகிறது. முன்னால் வேகம் குறைத்துப் போகும் கார்கள் மேல் லாரி அப்படியே ஏறிவிடுகிறது. 2020 டிசம்பரில் வரிசையாகப் பல வண்டிகள் நொறுங்கி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மீண்டும் நான்கு பேர். அன்றைய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. இவை இரண்டும் நாடு முழுக்கத் தெரிந்தவை. செய்தியாகாமல் போனவை எத்தனையோ. சேலத்துக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தொப்பூர் தாண்டியதும் போன் செய்யச் சொல்வார்கள். தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு.

2014-லிருந்து 2019 வரை தருமபுரி எம்.பி.யாக இருந்த அன்புமணி ராமதாஸ் இதைப் பேசினார். 2019-ல் அவரைத் தோற்கடித்து வந்த திமுகவின் செந்தில்குமாரும் இதைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்திலும் சாலைத் துறை அமைச்சகத்திலும் திரும்பத் திரும்பக் கேட்டார். எச்சரிக்கைப் பலகை, வேகத் தடுப்பு, ஒலிபெருக்கி அறிவிப்பு என்று ஒட்டு வேலைகள் பல நடந்தன. ஆனால் இறக்கமும் வளைவும் இருக்கும்வரை பலகையால் என்ன ஆகும்? கடைசியில் 2024-ல் சுமார் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை என்ற முடிவுக்கு வந்தார்கள். செங்குத்தாக இறங்குவதை நீட்டி, மெல்ல இறங்கும் பாதையாக்குவதுதான் அதன் பொறியியல்.

எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அடுத்தடுத்து வந்தபோதும் கோரிக்கை அறுந்துபோகவில்லை என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரு எம்.பி.யின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. ஒரு பெரிய சாலை கோரிக்கையாகத் தொடங்கி வண்டி ஓடுவதற்கு எப்படியும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. முதலாமவர் தொடங்கியதை இரண்டாமவர் குப்பையில் போட்டால் கோப்பு மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

மொரப்பூர்–தருமபுரி: 36 கிலோமீட்டர்

இன்னொரு பக்கம் ரயில். தருமபுரியில் ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அது சேலம்–பெங்களூரு ஒற்றைப் பாதையில் இருக்கிறது. சென்னை–சேலம் முக்கியப் பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது. நடுவில் 36 கிலோமீட்டர்தான் இடைவெளி. அதைப் போட்டுவிட்டால் தருமபுரியிலிருந்து நேராகச் சென்னைக்கு ரயில் விடலாம். நூறாண்டுக்கு முன்னால் குட்டி ரயில் ஓடிய அதே இடைவெளி இது.

2016-17 ரயில்வே பட்ஜெட்டில் இந்தப் பாதை சேர்க்கப்பட்டது. மதிப்பீடு 358.95 கோடி. அன்புமணி எம்.பி.யாக இருந்தபோது பலமுறை ரயில்வே அமைச்சர்களைப் பார்த்து வாங்கிய ஒப்புதல் இது. 2019 மார்ச்சில், தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, அடிக்கல் நாட்டினார்கள். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அடிக்கல்லுக்குப் பிறகு தண்டவாளம் வரவேண்டிய இடத்தில் ஆண்டுகள் ஓடின. காரணம், நிலம்.

ரயில்வே பாதை போடும், பணம் கொடுக்கும். நிலத்தை அளந்து, உரிமையாளரைக் கண்டுபிடித்து, ஆட்சேபணை கேட்டு, இழப்பீடு நிர்ணயித்துக் கையில் கொடுக்க வேண்டியது மாநில அரசின் வருவாய்த் துறை. அதற்கென்று தனி வட்டாட்சியர்களும் நில அளவையர்களும் வேண்டும். அவர்களை நியமிக்க அரசாணை வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் பட்டா, பிரிக்காத கூட்டுச் சொத்து, வெளியூர் போய்விட்ட அண்ணன் தம்பி என்று ஒவ்வொரு சர்வே எண்ணிலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. டெல்லியில் அனுமதி வாங்குவதோடு எம்.பி.யின் வேலை முடிவதில்லை. அதைவிடக் கடினமான பாதி சென்னையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறது. அந்தப் பாதியை நகர்த்துவதற்கு எம்.எல்.ஏ. வேண்டும். எம்.பி. ஒரு கட்சி, எம்.எல்.ஏ. ஒரு கட்சி, மாநிலத்தில் ஒரு கட்சி, மத்தியில் ஒரு கட்சி என்றால் இந்த நாலு பேரும் ஒரு மேசையில் உட்காருவது அபூர்வம். 36 கிலோமீட்டர் இத்தனை ஆண்டு இழுத்ததற்கு இதுதான் அடிப்படை.

ரயில்வேயின் திட்டப் பட்டியலை 'பிங்க் புக்' என்பார்கள். சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் புதிய பாதைகள் பலவற்றுக்கு அதில் வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கியிருப்பார்கள். படித்தால் கோபம் வரும். அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: திட்டத்தின் பெயரை இன்னும் அடிக்கவில்லை. ஆகவே "நிதி ஒதுக்கீடு" என்று போஸ்டர் பார்த்தால், தொகை எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலமெடுப்பு வேறு மாதிரி. 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில், இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்ற அறிவிக்கை வரும். 21 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். பிறகு 3டி அறிவிக்கை வந்தால் நிலம் அரசுடையதாகிவிடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வரவில்லையென்றால் முதல் அறிவிக்கையே காலாவதி. விவசாயிக்கும் சரி, சாலைக்காகக் காத்திருப்பவருக்கும் சரி, அந்த ஓராண்டுதான் முக்கியம். நிலம் இழக்கிறவர்களை ஆட்சேபணை நாளுக்கு முன்பே கூட்டிவைத்து, வளைவை எங்கே மாற்றலாம், எந்தக் கிணறு தப்பும், சுரங்கப்பாதை எந்த இடத்தில் வேண்டும் என்று பேசி எழுதிக் கொடுக்கிற பிரதிநிதி அந்த ஊருக்குக் கிடைத்தால் அது பெரிய விஷயம். தேசிய நெடுஞ்சாலை 844, அத்திப்பள்ளிப் பக்கத்து நெரலூரிலிருந்து ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு நான்குவழிச் சாலையாக வந்திருக்கிறது. பெங்களூரு–சேலம் வண்டிகளுக்கு அது கிருஷ்ணகிரியைச் சுற்றாத குறுக்கு வழி. ஆனால் சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் நிலமும் இருப்பவருக்கு, மாட்டை ஓட்டிக்கொண்டு கடக்க ஒரு வழி வேண்டும். சாலை போட்டு முடித்த பிறகு அதைக் கேட்டால் கிடைக்காது.

யானைக்கும் வழி வேண்டும். தளி, ஜவளகிரிக் காடுகளிலிருந்து ஓசூர்ப் பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு ஒவ்வொரு ஆண்டும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. தேசிய நெடுஞ்சாலை 44 அந்தக் காட்டை ஒட்டிப் போகிறது. பெங்களூருவைச் சுற்றி சுமார் 280 கிலோமீட்டருக்கு வரும் துணைநகர வட்டச் சாலையின் ஒரு பகுதியும் ஓசூரைச் சுற்றித்தான் வருகிறது. இந்தச் சாலைகளைப் பற்றிப் பேசும் நம் பிரதிநிதிகள் யானை கடக்கும் இடங்களையும் அதே மூச்சில் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஓசூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் போக்குவரத்தைத் தீர்மானிக்கும் பெரிய முடிவுகள் பலவும் தமிழ்நாட்டுக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி ஸ்டேஷன்கள் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கின்றன. தலைமையகம் ஹூப்ளி. மொரப்பூரோ தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மழையில் பாறைகள் உருண்டு கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டதே, அந்த மலைப்பாதையைப் பராமரிப்பதும் பெங்களூரு கோட்டம்தான். தமிழ்நாட்டு எம்.பி. அங்கே போய்ப் பேச வேண்டியிருக்கிறது, அங்கே அவர் வெளியூர்க்காரர்.

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் "இன்னும் ஒரு ரயில் விடுங்கள்" என்று கேட்கிறார்கள். ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஸ்டேஷனில் நின்று வழிவிட வேண்டும். ஓர் அளவுக்கு மேல் வண்டி சேர்த்தால் எல்லாமே தாமதமாகும். ஆகவே கேட்க வேண்டியது இரட்டைப் பாதை. பையப்பனஹள்ளி–ஓசூர் 48 கிலோமீட்டர் இரட்டைப் பாதைப் பணி அதற்காகத்தான். ஓசூருக்குத் தெற்கே ஓமலூர் வரை அதைக் கேட்கும் குரல் இன்னும் பலமாக வேண்டும்.

மெட்ரோ கதையும் எல்லைக் கதைதான். 2019-லிருந்து 2024 வரை கிருஷ்ணகிரி எம்.பி.யாக இருந்த காங்கிரசின் செல்லகுமார், பெங்களூரு மெட்ரோவைப் பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை நீட்டவேண்டும் என்று தொடர்ந்து கேட்டார். அவர் செய்ததில் முக்கியமானது, டெல்லியோடு நிற்காமல் கர்நாடக அரசிடமும் போய்க் கேட்டது. 2022-ல் ஆய்வுக்குக் கர்நாடகம் சம்மதித்தது. பிறகு சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வை எடுத்துச் செய்தது. ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டில் 750 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. சென்னை மெட்ரோ தலைக்கு மேலே கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. எந்த முறையில் போடுவது என்பதைப் பொறுத்து, பயணி நேராகப் போகலாமா, பொம்மசந்திராவில் இறங்கி மாறவேண்டுமா என்பது இருக்கிறது. செலவை எந்த மாநிலம் எவ்வளவு ஏற்பது என்பதும் பேச வேண்டியது. அது அடுத்த உறுப்பினரின் காலத்து வேலை. 2024-ல் வந்த கோபிநாத் அதே ஓசூரில் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், ஊரை அறிந்தவர்.

ஓசூர் விமான நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில், விவாதமில்லாமல் அறிவிப்பு வெளியிட இடம் தரும் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்துடன் மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி, அது திறந்த 2008-லிருந்து 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டருக்குள் புதிதாக இன்னொன்று வரக்கூடாது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. 2033 வரை அந்தக் கதவு தானாகத் திறக்காது. முன்கூட்டியே திறக்க வேண்டுமானால் பெங்களூரு விமான நிலைய நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதும் வேலைதான்

2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், சுமார் 10 ஆயிரம் கோடி. ஊத்தங்கரைப் பக்கமும் அரூர்ப் பக்கமும் கல் நட்டார்கள். கிணற்றோடும் தென்னையோடும் இருந்த நிலத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லைப் பார்த்துப் பெண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எம்.பி.யாக இருந்த அன்புமணி நீதிமன்றம் போனவர்களில் ஒருவர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடங்கலாம் என்றது.

மொரப்பூர் ரயிலுக்காக நிலம் கேட்ட அதே எம்.பி., எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்காதே என்று வழக்குப் போட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த ரயில் தருமபுரியில் நிற்கும், நம் ஆள் ஏறுவார். அந்தச் சாலையோ இரண்டு பெரிய நகரங்களுக்கு இடையில் நம் ஊர் நிலத்தின் வழியாகக் கடந்துபோகும். எந்தத் திட்டத்திலும் உள்ளூர்க்காரர் ஏறுகிற இடம் எது, இறங்குகிற இடம் எது என்று பார்த்தால் யாருக்காக அது வருகிறது என்பது விளங்கிவிடும்.

கிருஷ்ணகிரி ரயிலுக்குத் திரும்பி வருகிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். முதலில் போக்குவரத்து ஆய்வு, பிறகு பாதை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகும் என்ற இறுதி இட ஆய்வு, பிறகு விரிவான திட்ட அறிக்கை, போட்ட பணத்துக்கு வருமானம் எவ்வளவு என்ற கணக்கு, நிதி ஆயோக், பிறகு ஒப்புதல். பழைய ஆய்வுகள் அந்த வருமானக் கணக்கில்தான் தோற்றன. ஓலா, டாடா, புதிய சிப்காட் எல்லாம் வருவதற்கு முந்தைய சரக்கையும் பயணிகளையும் வைத்துப் போட்ட கணக்கு அது. செல்லகுமார் நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்டு, விஷயம் இறுதி இட ஆய்வு வரை வந்தது. இனி எம்.பி. திஷா கூட்டத்தில் உட்காரும்போதும், எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போதும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. திட்ட அறிக்கையில் எந்த ஆண்டின் சரக்கு எண்ணிக்கையைப் போட்டிருக்கிறார்கள்? அந்த எண்ணிக்கையைத் தொழிற்சாலைகளிடமிருந்து வாங்கி ரயில்வேக்குக் கொடுத்தது யார்? பாதை போகும் கிராமங்களில் நில அளவைக்கு மாநில அரசு ஆட்களைத் தந்துவிட்டதா?